கார்டு இருக்கிறது, டிரைவர் எங்கே? வீடியோ எடிட்டர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

எடிட்டிங் அறைகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. கணினிக்குள் செருகிய வீடியோ கார்டு நன்றாக இருக்கிறது, கேபிளும் சரி, நேற்று சாயங்காலம் வரை மானிட்டரில் படம் வந்தது. ராத்திரி கணினியின் இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் மானிட்டர் கறுப்பு. கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனால், புதிய பதிப்புக்கான டிரைவர் (கார்டையும் இயங்குதளத்தையும் இணைக்கும் மென்பொருள்) விரைவில் வரும் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த விரைவு ஒரு வாரமா, ஆறு மாதமா என்று யாரும் சொல்வதில்லை. அதற்குள் சேனலுக்கு எபிசோட் கொடுத்தாக வேண்டும்.

இந்தத் தாமதத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு, நியாயமே இல்லாத காரணங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, டிரைவர் என்ற மென்பொருள் உள்ளே என்னதான் செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. டைம்லைனில் ஃப்ரேம் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லி விநாடி

தொழில்முறை எடிட்டிங் கணினியில் பெரும்பாலும் இரண்டு முக்கியமான கார்டுகள் இருக்கும். ஒன்று கிராபிக்ஸ் கார்டு. எஃபெக்ட், கலர் கரெக்‌ஷன், ரெண்டர் எல்லாம் அதன் தலையில். இன்னொன்று வீடியோ சிக்னலை உள்ளே வாங்கவும் வெளியே அனுப்பவும் மட்டுமே இருக்கும் கார்டு. பிளாக்மேஜிக்கின் டெக்லிங்க், ஏஜேஏ நிறுவனத்தின் கோனா போன்றவை இந்த ரகம்.

கிராபிக்ஸ் கார்டிலேயே எச்டிஎம்ஐ இருக்கிறதே, தனிக் கார்டு எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். கிராபிக்ஸ் கார்டிலிருந்து வருவது கணினியின் டெஸ்க்டாப். இயங்குதளம் அதில் ஜன்னல்களை அடுக்குகிறது, நிறத்தைத் தன் கணக்குக்கு மாற்றுகிறது, திரையின் வேகத்துக்கு ஏற்பக் காட்டுகிறது. படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் கிரேடிங் வேலை செய்கிறவருக்கு இது ஆகாது. மென்பொருள் உருவாக்கிய அதே நிறம், அதே வேகத்தில், எஸ்டிஐ என்ற ஒளிபரப்புத் தர சிக்னலாக மானிட்டருக்குப் போக வேண்டும். டெஸ்க்டாப்பைச் சுற்றிக்கொண்டு போகும் அந்தத் தனிப் பாதைதான் எஸ்டிஐ கார்டு.

இப்போது அந்தப் பாதையில் ஒரே ஒரு ஃப்ரேமைப் பின்தொடர்வோம். யுஎச்டி (4கே) ஃப்ரேம் என்றால் 3840 பெருக்கல் 2160, ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். 10 பிட், 4:2:2 என்ற வழக்கமான தரத்தில் ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 20 பிட். ஆக, ஒரு ஃப்ரேம் 2 கோடி பைட்டுக்கு மேல். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 50 கோடி பைட்டைத் தாண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கிற அவகாசம் 40 மில்லி விநாடி.

இதைப் பிராசசரே பைட் பைட்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் வேறு எந்த வேலைக்கும் அதற்கு நேரம் இருக்காது. அதனால் டிரைவர் வேறு மாதிரி செய்கிறது. நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, அடுத்த ஃப்ரேம் இந்த முகவரியில் இருக்கிறது என்று கார்டிடம் சொல்லிவிடுகிறது. கார்டு பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து நேராக இழுத்துக்கொள்கிறது. முடிந்ததும் ஒரு குறிப்பு அனுப்புகிறது. டிரைவர் உடனே அடுத்த முகவரியைக் கொடுக்கிறது. அந்தக் குறிப்பைக் கவனிக்க அளவுக்கு மீறித் தாமதமானால் ஃப்ரேம் டிராப். டைம்லைன் நின்று, எச்சரிக்கை வந்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் இயக்குநர் 'என்னாச்சு?' என்பார்.

ஆக, டிரைவர் என்பது கார்டோடு இலவசமாக வரும் உபரி சமாச்சாரம் அல்ல. டிரைவர் இல்லாத கார்டு விலை உயர்ந்த தகடு. டிரைவர் மாறினால் அதே கார்டின் திறமையும் மாறும். கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகளில், எடிட்டிங் மென்பொருள்களின் ஜன்னலுக்குள் 10 பிட் நிறம் காட்டும் வசதி பல வருடங்களாகத் தடுக்கப்பட்டிருந்தது. அதற்கு அதே நிறுவனத்தின் விலை அதிகமான தொழில்முறைக் கார்டான குவாட்ரோ வாங்க வேண்டியிருந்தது. 2019 ஜூலையில் ஸ்டூடியோ டிரைவர் வழியாக அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். யாரும் புதுக் கார்டு வாங்கவில்லை, யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. ஒரு டவுன்லோட், அவ்வளவுதான்.

வேலி இல்லாத இடம்

சாதாரண மென்பொருள்கள் ஒவ்வொன்றையும் இயங்குதளம் தனித்தனி வேலிக்குள் வைத்திருக்கிறது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் படுத்துவிட்டால் பிரீமியர் மட்டும்தான் போகும். ஆனால் நினைவகத்தின் உண்மையான முகவரிகளைத் தொட வேண்டும், வன்பொருளின் குறிப்புகளை உடனுக்குடன் கவனிக்க வேண்டும் என்றால் இயங்குதளத்தின் உள்மையமான கர்னலுக்குள் போயாக வேண்டும். அங்கே வேலி கிடையாது. கர்னலில் ஓடும் டிரைவர் ஒரு தவறான முகவரியைத் தொட்டால் மொத்தக் கணினியும் விழுந்துவிடும். விண்டோஸில் வரும் நீலத் திரைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பை, கர்னலில் இருந்த அதன் டிரைவர் படித்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. விமான நிலையம், மருத்துவமனை, வங்கி எதுவும் தப்பவில்லை.

இப்படிப்பட்ட விபத்துகளுக்கு அஞ்சித்தான் இயங்குதளம் செய்பவர்கள் கர்னலின் கதவை வருடா வருடம் இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். 64 பிட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, யார் செய்தது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை விண்டோஸ் கர்னலுக்குள் விடுவதில்லை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து, புதிய டிரைவர் என்றால் மைக்ரோசாஃப்டிடமே அனுப்பி அதன் கையொப்பம் வாங்க வேண்டும். ஆப்பிள் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினாவோடு, கர்னலுக்குள் டிரைவர் வைக்கும் பழைய முறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்து, கர்னலுக்கு வெளியே ஓடும் டிரைவர்கிட் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எம்1 சிப்பும் அதற்குப் பின் வந்தவையும் உள்ள மேக்கில் பழைய பாணி டிரைவரைப் போட வேண்டுமென்றால், ரெக்கவரி மோடுக்குப் போய்ப் பாதுகாப்பு அளவை நாமே குறைக்க வேண்டும்.

பாதுகாப்புக் கோணத்தில் இவை எல்லாமே சரியான முடிவுகள். எனக்கு அதில் வாதமே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கார்டு செய்யும் நிறுவனம் டிரைவரின் பெரும் பகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குக் காசு எங்கிருந்து வரும்? டிரைவர் இலவசம். ஐந்து வருடத்துக்கு முன் கார்டு வாங்கியவர் இன்றைக்கு நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தரப்போவதில்லை. போதாததற்கு, எஸ்டிஐ கார்டு கேம் விளையாடும் கார்டைப் போல ஊரெல்லாம் விற்கிற பொருளும் இல்லை. வாங்குகிறவர்கள் சிலர், அதற்கேற்ற சின்ன டிரைவர் குழு, அவர்கள் முன்னால் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று இயங்குதளம். வரிசையில் பழைய கார்டு எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

17ஜி65: ஒரு பில்ட் எண்ணின் கதை

தாமதம் எப்படி முற்றுப்புள்ளியாக மாறும் என்பதற்கு நான் பார்த்த வரையில் சரியான உதாரணம் ஆப்பிளும் என்விடியாவும்தான்.

2010, 2012ஆம் ஆண்டுகளின் மேக் ப்ரோ பெரிய அலுமினிய டவர். திறந்தால் உள்ளே கார்டு செருகும் இடங்கள். 2013இல் அதற்குப் பதிலாக வந்த உருளை வடிவ மேக் ப்ரோவில் கார்டு மாற்ற வழியே இல்லை. அதனால் எடிட்டர்களும் கலரிஸ்ட்டுகளும் பழைய டவரையே வைத்துக்கொண்டு, அதில் புதுப் புது என்விடியா கார்டுகளைச் செருகி ஓட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் நம்பியிருந்த பல மென்பொருள்கள், கிராபிக்ஸ் கார்டைக் கணக்கு வேலைக்குப் பயன்படுத்தும் என்விடியாவின் 'கூடா' (CUDA) என்ற ஏற்பாட்டில்தான் வேகமாக ஓடும். ரெட்ஷிஃப்ட் போன்ற ரெண்டர் மென்பொருள்கள் கூடா இல்லாமல் ஓடவே ஓடாது.

அந்தக் கார்டுகளுக்கு ஆப்பிளின் இயங்குதளத்தில் டிரைவர் கிடையாது. வெப் டிரைவர் என்ற பெயரில் என்விடியாவே தனியாக வெளியிடும். அதற்கும் காத்திருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1080 கடைக்கு வந்தது 2016 மே மாதம். பாஸ்கல் என்ற அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு மேக் டிரைவர் வந்தது 2017 ஏப்ரலில், அதுவும் பீட்டா என்ற சோதனைப் பதிப்பாக.

அடுத்தது இன்னும் வினோதம். அந்த வெப் டிரைவர், அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, இயங்குதளத்தின் ஒரே ஒரு பில்டுக்கு (குறிப்பிட்ட ஓர் உள் பதிப்புக்கு) மட்டும் பொருந்தும். மேக்ஓஎஸ் ஹை சியராவின் 10.13.6 பதிப்பு வந்தபோது அதன் பில்ட் எண் 17ஜி65. டிரைவருக்குள் இருந்த ஓர் அமைப்புக் கோப்பில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது டிரைவர் அதை ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் வேலை செய்ய மறுத்துவிடும். 2018 அக்டோபர் கடைசியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்பு அப்டேட் கொடுத்தது. 10.13.6 என்ற பெயர் மாறவில்லை, ஆனால் பில்ட் எண் 17ஜி3025 ஆகிவிட்டது. அப்டேட் போட்டவர்களின் என்விடியா கார்டு, அந்த எண்ணுக்கான டிரைவர் வரும் வரை முடங்கியது. ஒவ்வொரு பாதுகாப்பு அப்டேட்டுக்கும் இதே கூத்து. பொறுமை இழந்தவர்கள் அந்தக் கோப்பைத் திறந்து எண்ணைக் கையால் மாற்றினார்கள். சில சமயம் ஓடியது, சில சமயம் காலை வாரியது.

2018 செப்டம்பரில் மேக்ஓஎஸ்ஸின் அடுத்த பதிப்பான மொஹாவி வந்தது. வெப் டிரைவர் வரவில்லை. வாரங்கள் போயின. ஆப்பிள் ஒப்புக்கொள்ளாமல் தங்களால் டிரைவர் வெளியிட முடியாது என்பது என்விடியாவின் பதில். ஆப்பிள் தரப்பிலிருந்து எடிட்டர்களுக்குத் தெளிவான விளக்கம் எதுவும் வரவில்லை. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டு வைத்திருந்தவர்கள் பழைய ஹை சியராவிலேயே தங்கினார்கள். 2019 நவம்பரில் கூடா 10.2 வெளியானபோது, மேக்கை ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு அதுதான் என்று வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பதில் அந்த ஒரு வரி.

கார்டுகள் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் கணினியில் செருகினால் இன்றைக்கும் ஓடும். அவற்றின் ஆயுளை மேக்கில் முடித்து வைத்தது இரண்டு நிறுவனங்களுக்கு இடையே ஒத்துவராமல் போன விவகாரம். கார்டு வாங்கியவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

நல்ல தாமதமும் உண்டு

எல்லாத் தாமதத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அவசரமாக வந்த டிரைவர்கள் செய்த சேதத்துக்கும் சரித்திரம் இருக்கிறது. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் சில கார்டுகளில் விசிறியைச் சரியாகச் சுழற்றவில்லை. கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடாக, நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன்பு 2007இல், விஸ்டா புதிய கிராபிக்ஸ் டிரைவர் முறையோடு வந்தபோது எல்லா நிறுவனங்களும் திணறின. பிற்பாடு ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, அந்த ஆண்டு பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறக்குறைய 29 சதவீதம் என்விடியா டிரைவர்களின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

இதனால்தான் ஒரே கார்டுக்கு இரண்டு வகை டிரைவர் வருகிறது. கேம் ரெடி டிரைவர் அடிக்கடி வரும். புதிய விளையாட்டு வெளியாகும் நாளுக்கு அது தயாராக இருக்க வேண்டும். 2019இல் தொடங்கிய ஸ்டூடியோ டிரைவர் கொஞ்சம் நிதானமாக வரும், பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்களோடு ஓட்டிப் பார்த்த பிறகு. தொழில்முறைக் கார்டுகளுக்கான டிரைவர் இன்னும் மெதுவாக வரும். அதை மென்பொருள் நிறுவனங்களே சோதித்துச் சான்றளிப்பார்கள். ஆவிட் மீடியா கம்போசர் மாதிரியான மென்பொருள், எந்த என்விடியா டிரைவர் பதிப்போடு தன்னைச் சோதித்தது என்று எண்ணையே குறிப்பிட்டுச் சொல்லும். அந்த எண் ஒரு வருடம் பழசாக இருந்தாலும் அதைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். எடிட்டிங் கணினிக்கு ஜிஃபோர்ஸ் கார்டு போட்டிருந்தால், கேம் ரெடி டிரைவரைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

லினக்ஸ் கதை வேறு. படத்தின் நிறத்தை இறுதிசெய்யும் பெரிய டிஐ கூடங்களில் ரிசால்வ் லினக்ஸில் ஓடுவது வழக்கம். லினக்ஸ் கர்னலின் உள் இடைமுகங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பது அதைச் செய்கிறவர்களின் வெளிப்படையான கொள்கை. கர்னலோடு சேராமல் வெளியே நிற்கும் டிரைவர்கள், புதிய கர்னல் வந்ததும் சில சமயம் கம்பைலே ஆகாது, அதாவது ஓடும் வடிவத்துக்கே மாறாது. அதனால்தான் அந்தக் கூடங்களில் ராக்கி லினக்ஸ் மாதிரி நிதானமாக மாறும் பதிப்புகளை வைத்துக்கொண்டு, வேலை நடக்கும்போது யாரையும் அப்டேட் பொத்தான் பக்கம் விடுவதில்லை.

கோபம் எங்கே நியாயம்

சோதனைக்கு நேரம் எடுத்தால் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது, நிறுவனம் வாயே திறக்காமல் இருப்பது. என் அலமாரியில், வீடியோவைக் கணினிக்குள் வாங்கும் ஒரு கேப்சர் பெட்டி கிடக்கிறது. பெயர் வேண்டாம். புதிய இயங்குதளத்துக்கு டிரைவர் வருமா என்று கேட்டபோதெல்லாம், பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வந்தது. பிறகு ஒருநாள் அவர்களின் பட்டியலிலிருந்து அந்த மாடலே காணாமல் போனது. வராது என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் அப்போதே நல்ல விலைக்கு விற்றிருப்பேன்.

இதை ஒழுங்காகச் செய்யவும் முடியும். மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு வழக்கமான கேம் ரெடி டிரைவர் 2025 அக்டோபரோடு முடியும், அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா முன்கூட்டியே அறிவித்தது. செய்தி கசப்புதான். ஆனால் தேதி கையில் இருந்தால் பட்ஜெட் போடலாம்.

கையில் வேலை இருக்கும்போது என்ன செய்வது

கணினியைக் கட்டும் வரிசையைத் தலைகீழாக்குங்கள். பெரும்பாலோர் புதிய இயங்குதளம் போட்டுவிட்டு அதற்கு டிரைவர் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது எந்த எடிட்டிங் மென்பொருள், அதில் எந்தப் பதிப்பு என்பதை. அது எந்த டிரைவரை ஒப்புக்கொள்கிறது என்பது அடுத்தது. அந்த டிரைவர் எந்த இயங்குதளத்தில் ஓடும் என்று கடைசியில் பார்த்து, அதைப் போடுங்கள். ஒரு புராஜெக்ட் நடந்துகொண்டிருக்கும்போது இந்த மூன்றில் எதையும் மாற்றாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட் சில சமயம் நீங்கள் கேட்காமலேயே டிரைவரையும் மாற்றிவைக்கும். விண்டோஸின் ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசிக்குள் போனால், அப்டேட்டோடு டிரைவர் வேண்டாம் என்று சொல்லும் அமைப்பு இருக்கிறது. எடிட்டிங் கணினியில் முதல் வேலையாக அதை இயக்கிவிடலாம். மேக்கில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். செப்டம்பர், அக்டோபரில் புதிய மேக்ஓஎஸ் வரும்போது, உங்கள் கார்டு நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பதிப்பின் பெயர் எழுத்தில் வரும் வரை கை வைக்காதீர்கள். பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினியை இணையத்தில் விட்டுவைப்பதும் தவறு. பழைய பதிப்பிலேயே நிற்க வேண்டியிருந்தால் அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து, கோப்புகளை உள் நெட்வொர்க் வழியாக மட்டும் கொண்டுவாருங்கள்.

டிரைவர் மாற்றும் முன் சிஸ்டம் டிஸ்க்கை முழுதாக இமேஜ் (அச்சு அசல் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக் குறிப்பில், சரிசெய்தவை என்ற பகுதியைவிட, தெரிந்த சிக்கல்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். விண்டோஸில் கிராபிக்ஸ் டிரைவரின் மிச்சசொச்சம் தகராறு செய்தால், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம். எஸ்டிஐ கார்டுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிய டிரைவர் போட்டதும், கார்டின் உள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளையும் புதுப்பிக்கலாமா என்று கேட்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டே போய்விடலாம். யுபிஎஸ் இல்லாமல் அதற்கு ஆமாம் சொல்லாதீர்கள்.

ஒழுங்காக ஓடும் ஒவ்வொரு டிரைவரின் இன்ஸ்டாலர் கோப்பையும் தேதியும் பதிப்பு எண்ணும் பெயரில் வைத்து, தனி டிஸ்க் ஒன்றில் போட்டு வையுங்கள். நிறுவனத்தின் தளத்தில் அது எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் கார்டைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த மாடலுக்குக் கடைசியாக டிரைவர் வந்த தேதியைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.